எந்தப் படியில் நிற்கிறது குழந்தை?

(நெய்வேலி நகரியத்தில் ஆசிரியர்களுக்காக நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு கழித்தல் கணக்கிலிருந்து தொடங்கலாம். 52இலிருந்து 27 போனால் மிச்சம் என்ன? மூன்றாம் வகுப்பில் இரண்டு குழந்தைகள் 35 என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். விடை 25. இரண்டு நோட்டிலும் சிவப்பு மையில் ஒரே மாதிரி தவறுக்குறி விழுகிறது. ஆனால் அந்த இரண்டு 35உம் ஒன்றல்ல.

முதல் குழந்தை ஒன்றுகளின் இடத்தில் 2ஐயும் 7ஐயும் பார்த்தது. சின்ன எண்ணிலிருந்து பெரிய எண் போகாது என்று முதல் வகுப்பில் கேட்டது நினைவில் இருக்கிறது. அதனால் 7இலிருந்து 2ஐக் கழித்து 5 போட்டது. பத்துகளின் இடத்தில் 5இலிருந்து 2 போக 3. இரண்டாவது குழந்தை பக்கத்து வீட்டில் கடன் வாங்கியது. 12இலிருந்து 7 போக 5 என்றும் சரியாகப் போட்டது. ஆனால் கடன் கொடுத்த 5 இப்போது 4 ஆகிவிட்டதை மறந்து, 5இலிருந்து 2ஐக் கழித்து 3 என்று எழுதியது. முதல் குழந்தைக்கு இடமதிப்பே இன்னும் பிடிபடவில்லை. அதற்குப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக்கட்டுகளும் தனிக்குச்சிகளும் கையில் வேண்டும். இரண்டாவதற்கு, கடன் வாங்கியதும் மேலே அடித்து எழுதும் பழக்கம் போதும். இருவரையும் பார்த்து ‘இன்னும் பத்துக் கணக்கு போட்டு வா’ என்றால், இருவரும் தத்தம் தவறை இன்னும் பத்து முறை பழகிக்கொண்டு வருவார்கள்.

யார் எந்தத் தவறு செய்கிறார் என்று கண்டுபிடிக்க வழி உண்டு. 61இலிருந்து 28ஐக் கழிக்கச் சொன்னால் முதல் குழந்தை 47 என்று எழுதும். இரண்டாவது 43 என்று எழுதும். அடுத்த கேள்வியை யோசித்துத் தேர்ந்தெடுத்துக் கேட்கும் அந்த ஒரு நிமிடத்தைத்தான் இந்தச் சொற்பொழிவு பேச விரும்புகிறது. மாணவரின் தனித்தேவை அறிந்து கற்பிக்கும் ஆசிரியர் என்றதும் அன்பும் பொறுமையும் நிறைந்த ஒரு முகமே நம் மனத்தில் வருகிறது. அன்பு வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் அன்பு மட்டும் 47ஐயும் 43ஐயும் பிரித்துக் காட்டாது. அதற்குக் கற்றுக்கொண்ட கண் வேண்டும். அந்தக் கண் வேலை செய்ய வகுப்பறையில் ஓர் ஏற்பாடு வேண்டும்.

1978இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளின் கழித்தல் தவறுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தவறுகள் பெரும்பாலும் கவனக்குறைவால் வருவதில்லை. குழந்தை ஏதோ ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது, விதிதான் பிசகியிருக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். அப்படித் தவறு செய்யும் ஒரு மாணவனைப் போல நடந்துகொள்ளும் கணினி நிரலையும் எழுதி, ஆசிரியர் பயிற்சி பெறுபவர்களை அதனுடன் விளையாட விட்டார்கள். கணக்குக் கொடு, விடையைப் பார், எந்த விதி பிசகியது என்று ஊகி, அதைச் சோதிக்க இன்னொரு கணக்குக் கொடு. நம் பயிற்சி நிறுவனங்களில் பாடம் நடத்திக் காட்டுவதற்குத் தரப்படும் நேரத்தில் பாதியாவது இப்படி நோட்டுகளை வாசிப்பதற்குத் தரப்பட வேண்டும்.

சட்டமும் இதையே கேட்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருப்பது, அதன் 24ஆவது பிரிவில் ஆசிரியரின் கடமைகளை அடுக்குகிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவையானால் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அதற்கு நேர் மேலே உள்ள கடமை, பாடத்திட்டம் முழுவதையும் குறித்த காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது. நாட்டின் எல்லா ஆசிரியர்களும் இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில்தான் நிற்கிறார்கள். ‘போர்ஷன் முடிஞ்சுதா?’ என்று கேட்க அதிகாரி வருவார், பெற்றோர் வருவார், பக்கத்து வகுப்பு ஆசிரியரும் வருவார். ‘அந்தக் கடைசி வரிசைக் குழந்தை எந்த இடத்தில் நிற்கிறது?’ என்று கேட்க யாரும் வருவதில்லை. கேட்கப்படும் கேள்விக்குத்தான் மனிதர்கள் பதில் தயாரிக்கிறார்கள். இதில் ஆசிரியரை மட்டும் குறை சொல்வது நியாயம் ஆகாது.

தமிழ் மரபு இதை அறியாததல்ல. பவணந்தி முனிவரின் நன்னூல், 13ஆம் நூற்றாண்டில் எழுந்தது, இலக்கணத்துக்குள் நுழையும் முன்னே கற்பித்தல் எப்படி இருக்க வேண்டும் என்று பொதுப்பாயிரத்தில் வகுத்துவிடுகிறது. காலமும் இடமும் பார்த்து, சொல்லப்போவதை முதலில் தன் மனத்தில் ஒழுங்குபடுத்திக்கொண்டு, அவசரமும் கோபமும் இல்லாமல், மலர்ந்த முகத்தோடு, மாணவன் எவ்வகையில் ஏற்பானோ அவ்வகையை அறிந்து அவன் மனம் கொள்ளத் தர வேண்டும் என்கிறது அது. இன்றைய பயிற்சிக் கையேடுகள் பல பக்கங்களில் சொல்வதெல்லாம் ஒரே சூத்திரத்துக்குள் இருக்கிறது.

அதே பாயிரத்தில் இன்னொரு பகுதியும் உண்டு. மாணவரைத் தலை, இடை, கடை என்று மூன்றாக வகுத்து அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று உவமை சொல்லும் பகுதி. தமிழாசிரியர்கள் வகுப்பில் விரும்பிச் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது பகுதியைத்தான். மாணவன் எவ்வகையில் ஏற்பான் என்று தேடச் சொல்லும் சூத்திரம் ஆசிரியருக்கு வேலை வைக்கிறது. அவன் ஓட்டைக் குடம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடுகிறது. ஒரு குழந்தையின் இன்றைய நிலையை அறிவதும், அந்த நிலையையே அதன் பெயராக்கிவிடுவதும் வெகு அருகருகே இருப்பவை. பின்னால் மீண்டும் இந்த இடத்துக்கு வர வேண்டியிருக்கும்.

அந்த மரபில் ஆசிரியரும் மாணவரும் எப்படி இருந்தார்கள் என்பதற்கு ஒரு காட்சி. உ.வே. சாமிநாதையர் 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். சேர்ந்ததும் ஆசிரியரே பாடம் சொல்லவில்லை. மூத்த மாணவரான சவேரிநாத பிள்ளையிடம் நைடதம் என்ற நூலைப் பாடம் கேட்கும்படி ஏற்பாடாயிற்று. நேரே ஆசிரியரின் வாயால் கேட்க வேண்டும் என்ற ஏக்கம் இளைஞரை வாட்டியது. மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு விடியற்காலையில் தோட்டத்துச் செடிகளைச் சுற்றிவந்து புதுத் தளிர்களைப் பார்ப்பதில் பெருவிருப்பம். அதைக் கவனித்த மாணவர் அவருக்கு முன்பே எழுந்து, எந்தச் செடியில் எங்கே தளிர் விட்டிருக்கிறது என்று தேடிவைத்து, அவர் வந்ததும் காட்டத் தொடங்கினார். ஆசிரியரின் கவனம் திரும்பியது. பின்னர் நேரடியாகப் பாடமும் கிடைத்தது. தம் வரலாற்றில் ஐயர் இதை மகிழ்ச்சியோடு விவரிக்கிறார்.

அழகான காட்சிதான். ஆனால் யார் யாரைப் படித்தார்கள் என்று பாருங்கள். மாணவர் ஆசிரியரின் இயல்பை உற்றுநோக்கி, அதற்கேற்பத் தம்மை அமைத்துக்கொண்டார். அத்தகைய மாணவர் தமிழுக்கு ஒருவர் கிடைத்தார். அந்த வல்லமை இல்லாத பிள்ளைகள் பலர் வந்த வழியே போயிருக்க வேண்டும். கட்டாயக் கல்வி தரும் பொதுப்பள்ளி இந்தப் பொறுப்பைத் திருப்பி வைத்தது. தளிரைத் தேடிப் போக வேண்டியவர் இப்போது ஆசிரியர். அதுவும் ஒரு செடிக்கு அல்ல, நாற்பது செடிக்கு.

நாற்பது பேருக்கு அது முடியுமா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டு மண்ணிலேயே இரண்டு பெரிய சோதனைகள் நடந்திருக்கின்றன.

முதலாவது தற்செயலாக நேர்ந்தது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல், அறுபத்தொன்பதாம் வயதில், அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னைக்கு வந்தார். ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பை அவர் தொடங்கும் முன்பே இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்தது. 1940இல் இத்தாலியும் போரில் இறங்கியதும் அவர் பிரிட்டிஷ் அரசின் கண்ணில் பகைநாட்டுக் குடியாகிவிட்டார். பின்னர் கொடைக்கானலில் தங்க வேண்டி வந்தது. அங்கே இலங்கையைச் சேர்ந்த லேனா விக்ரமரத்னே என்ற உதவியாளருடன் சேர்ந்து ஒரு சிறு பள்ளி நடத்தினார். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருந்தார்கள். சுற்றிலும் மலையும் காடும். யார் எதைக் கையில் எடுக்கிறார்கள், எவ்வளவு நேரம் அதில் ஆழ்ந்திருக்கிறார்கள், எப்போது கீழே வைக்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்வதே அந்த அறையில் ஆசிரியரின் முதல் வேலை. ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கான அவருடைய கல்விக் கருத்துகள் கொடைக்கானலில்தான் உருவம் பெற்றன. ஆனால் அந்த முறை சாதாரணப் பஞ்சாயத்துப் பள்ளிக்கு வரவில்லை. மாண்டிசோரி என்ற பெயர் நம் ஊர்களில் கட்டணம் அதிகம் வாங்கும் மழலையர் பள்ளியின் பலகையில் போய் நின்றுவிட்டது.

இரண்டாவது சோதனை அரசுப் பள்ளியில் நடந்தது. இதைச் சற்று நின்று பேச வேண்டும். இந்த அவையில் பலர் அதை நடத்தியவர்கள்.

அதன் வேர் ஆந்திரத்தில். அங்கே மதனப்பள்ளிக்கு அருகில் ரிஷிவேலிப் பள்ளி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஓராசிரியர் பள்ளிகளில் பத்மநாப ராவ், ரமா தம்பதியர் ஒரு முறையை வளர்த்தெடுத்தார்கள். ஒரே ஆசிரியர், பல வகுப்பு, பல வயது என்பதைக் குறையாக எண்ணிப் புலம்பாமல், அதையே அடிப்படையாக வைத்துப் பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்தார்கள். அட்டைகளை வரிசைப்படுத்தி ஓர் ஏணி வரைந்தார்கள். ஒவ்வொரு குழந்தையும் தன் படியில் நிற்கும். முடித்ததும் அடுத்த படிக்குப் போகும்.

2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் இதை 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். அதற்கு முன்பே, வேலூரில் ஆட்சியராக இருந்தபோது, கொத்தடிமையிலிருந்தும் வேலையிலிருந்தும் மீட்கப்பட்ட குழந்தைகளின் கல்வியில் ஈடுபட்டவர் அவர். பத்து வயதுப் பிள்ளை முதன்முறையாக எழுத்தைப் பார்க்கும் வகுப்பில் ‘மூன்றாம் வகுப்புப் பாடம், பக்கம் 14’ என்பதற்குப் பொருளே இல்லை. பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநராக அவர் வந்தபோது, முறை மாநிலம் முழுவதும் பரவியது. 2007-08இல் சுமார் 37,000 தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் இம்முறை நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்த அளவில் ஒரு மாநிலம் தன் வகுப்பறையின் அமைப்பையே மாற்றியது இந்தியாவில் அரிது.

மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆசிரியரின் நாற்காலி போயிற்று. அவரும் பாயில் உட்கார்ந்தார். சுவரின் அடிப்பகுதியில் குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை வந்தது, ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி. தலைக்கு மேல் கம்பிப் பந்தல் கட்டி, அவர்கள் வரைந்ததையும் எழுதியதையும் தொங்கவிட்டார்கள். வருகையைக் குழந்தையே பதிந்தது. அலமாரித் தட்டுகளில் அட்டைகள் இருந்தன; ஒவ்வொரு அட்டையிலும் ஒரு படச்சின்னம். எழுத்தே தெரியாத குழந்தையும் சின்னத்தைப் பார்த்து ஏணியில் தன் இடத்தைக் கண்டுபிடித்து, தானே போய் அட்டையை எடுத்துவந்தது. ஆசிரியரின் முழு உதவி வேண்டிய குழு ஒன்று, ஓரளவு உதவி போதும் என்ற குழு ஒன்று, சக மாணவர் உதவியோடு செய்யும் குழு, தானே செய்யும் குழு, மதிப்பீட்டுக்குத் தயாரான குழு என வகுப்பு ஒரே நேரத்தில் பல வேலைகளில் இருந்தது. ரேங்க் கார்டு இல்லை. தேர்வு ஏணிக்குள்ளேயே ஒரு படியாக இருந்தது.

இதில் மிகப் பெரிய விஷயம், ஊடகங்கள் அதிகம் பேசாத ஒன்று. அறுவடைக் காலத்திலோ அம்மை போட்டோ இரண்டு வாரம் பள்ளிக்கு வராத குழந்தை, முன்பெல்லாம் திரும்பி வரும்போது வகுப்பு நான்கு பாடம் தாண்டியிருக்கும். அந்த நான்கு பாடம் அதன் வாழ்வில் நிரந்தர ஓட்டையாகிவிடும். இங்கே அது விட்ட படியில் அட்டையை எடுத்துத் தொடர்ந்தது. ஏழைக் குழந்தைக்குப் பள்ளி செய்யக்கூடிய மரியாதைகளில் இது முக்கியமானது. 2007இல் இம்முறையை ஆராய்ந்து அறிக்கை தந்த குழந்தை வளர்ச்சி அறிஞர் எஸ். ஆனந்தலட்சுமியும் இம்முறையை ஒரு புதுமையான முயற்சியாகவே கண்டார்.

பிறகு ஏன் தளர்ந்தது? பெற்றோருக்குப் புத்தகம் இல்லாத பள்ளியும் வீட்டுப்பாடம் இல்லாத மாலையும் பழக்கமில்லை. பக்கத்துத் தனியார் பள்ளியில் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து டையோடு ஒப்பிப்பதைப் பார்த்தார்கள். அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன, புதிது வரத் தாமதமானது. 2012-13இல் முப்பருவ முறை வந்து பாடப்புத்தகம் மீண்டும் நடுவில் அமர்ந்தது. செயல்வழிக் கற்றல் எளிமைப்படுத்தப்பட்டது. இவையெல்லாம் உண்மையான காரணங்கள். அவற்றைவிட ஆழமான ஒன்றும் உண்டு. மேலிருந்து கட்டளையாக வந்த முறையில் பல இடங்களில் ஆசிரியர் அட்டை எடுத்துக் கொடுப்பவராகச் சுருங்கிவிட்டார். அட்டை 43இல் ஒரு குழந்தை ஏன் மூன்று வாரமாக நிற்கிறது என்று அட்டையால் சொல்ல முடியாது. ஏணி, குழந்தை நிற்கும் இடத்தைக் காட்டும். அது நிற்கும் காரணத்தைக் காண ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த மனிதரை உருவாக்கும் பயிற்சியும் அவருக்கான நேரமும் அட்டை அச்சடிக்கும் வேகத்தில் வரவில்லை.

குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்ற கேள்வியைக் கொரோனா காலம் மறுபடியும் எழுப்பியது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் 2020 மார்ச்சில் மூடி, 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. முதல் வகுப்பையே பார்க்காத குழந்தை மூன்றாம் வகுப்பு வாசலில் நின்றது. 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்து, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும் விரிந்தது. தொடக்கநிலை மதிப்பீடு செய்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, நிலைக்கேற்ற பயிற்சிநூல் தரும் முறை. வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் குழு பிரிப்பதன் பயனைப் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு வட மாநிலங்களில் நெடுநாளாகக் காட்டிவந்திருக்கிறது. 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் அதை அளந்தும் பார்த்தார்கள். எனவே திசை சரியானது.

ஆனால் ஒரு கவலை. அமெரிக்காவின் சவுத் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு தொடக்கப் பள்ளியில் ராபர்ட் ரோசந்தால், லெனோர் ஜேக்கப்சன் இருவரும் செய்து 1968இல் வெளியிட்ட சோதனை ஆசிரியர்களுக்கு நன்கு தெரிந்தது. பள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு குழந்தைகளின் பெயரைச் சும்மா குலுக்கிப் போட்டதுபோல் எடுத்து, ‘இவர்கள் இந்த ஆண்டு மலரப்போகிறவர்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில், முதல் இரு வகுப்புகளில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். அந்த ஆய்வின் அளவீடுகளைப் பற்றிப் பின்னர் கடும் விமர்சனங்கள் வந்தன. விளைவு அவ்வளவு பெரியதல்ல என்று பலர் வாதிட்டார்கள். என்றாலும், ஆசிரியரின் எதிர்பார்ப்பு குழந்தையின் மேல் எதுவும் செய்யாது என்று யாரும் நிறுவிவிடவில்லை. ஜூனில் அரும்பு என்று எழுதிய குழந்தை ஆகஸ்டிலும் அரும்பாகவே இருந்தால், அந்தச் சொல் நன்னூலின் ஓட்டைக் குடமாக மாறத் தொடங்கிவிட்டது என்று பொருள். ‘இவன் அரும்பு சார்’ என்று குழந்தையின் காதுபடச் சொல்லும் வழக்கம் எந்தப் பள்ளியிலும் வரக்கூடாது. கணக்கில் மொட்டாக இருப்பவள் தமிழில் மலராக இருக்கலாம். கூட்டலில் மலராக இருப்பவன் கடிகாரம் பார்ப்பதில் அரும்பாக இருக்கலாம். நிலை பாடத்துக்கு, அதுவும் இந்த வாரத்துக்கு.

இனி நெய்வேலிக்கு வருவோம்.

1956 நவம்பர் 14 அன்று நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனம் இந்த ஊரை உருவாக்கியது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். வட்டம் வட்டமாகக் குடியிருப்பும், பள்ளியும், மரநிழல் சாலையும் எழுந்தன. சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: மேல்மண் எத்தனை மீட்டர், படிவம் எவ்வளவு கனம், அடியில் ஊற்றுநீரின் அழுத்தம் எவ்வளவு என்று துளையிட்டுப் பார்க்காமல் இங்கே எந்த ராட்சத இயந்திரத்தையும் இறக்குவதில்லை. இடம் மாறினால் இன்னொரு கணக்கு. மண்ணிடம் இவ்வளவு விசாரணை செய்யும் ஊரில், முதல் வகுப்பில் நுழையும் நாற்பது பேரிடமும் ஒரே பாடத்தை ஒரே நாளில் தொடங்குவது பொருந்தாது.

இந்த ஊரின் பிள்ளைகள் யார்? நிரந்தர ஊழியர்களின் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டில் மேசையும் அகராதியும் உண்டு, ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சியும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு மாற்றுக் குடியிருப்புக்குப் போன கிராமத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஊரோடு பள்ளியும், தோழர்களும், சில சமயம் பாதியில் நின்ற பாடமும் போயிருக்கும். வேறு மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் உறங்கும் அப்பா உள்ள ஒற்றை அறை வீட்டில், ‘சத்தமாக வாசித்துப் பழகு’ என்ற வீட்டுப்பாடம் நடக்காது. மறுநாள் வாசிக்கத் திணறும் அந்தக் குழந்தையை ‘வீட்டில் புத்தகத்தைத் தொடுவதே இல்லை’ என்று எழுதிவிடுவது எளிது. பள்ளியிலேயே காலை மணிக்கு முன் கால் மணி நேரம் வாசிக்க ஓர் இடம் கொடுத்தால் சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.

மொழியிலும் இப்படித்தான். வீட்டில் இந்தி பேசும் குழந்தை தமிழ் வாசிக்கும்போது ‘பட்டம்’ என்பதைச் சரியாகச் சொல்லி, ‘கம்பம்’ என்பதில் தடுமாறும். அந்த இரண்டு சொற்களிலும் ‘ப’ ஒலிக்கும் விதம் வேறு; அதன் மொழியில் அந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. தமிழில் ஒரே ‘ப’ இடத்தைப் பொறுத்து ஒலி மாறுகிறது. தமிழ்க் குழந்தைக்கு இது காதோடு வந்துவிட்டது. இந்தக் குழந்தைக்கு யாராவது சொல்ல வேண்டும். மெல்லினத்துக்குப் பின் எப்படி ஒலிக்கும் என்று நாலு சொற்களை வரிசையாக வைத்துக் காட்டினால் அரை மணி நேர வேலை. தமிழ்க் குழந்தைக்கோ வேறு சிக்கல். ‘கொ’ என்ற எழுத்தில் ஒற்றைக் கொம்பு முன்னே நிற்கிறது, கால் பின்னே நிற்கிறது, ஒலியோ ஒன்றாக வருகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியாக வாசிக்கும் குழந்தை அதை ‘கெ’ என்று தொடங்கி மாட்டிக்கொள்கிறது. இரண்டு குழந்தைகளும் ஒரே பத்தியில் தடுமாறுகிறார்கள்; இருவருக்கும் தேவைப்படும் மருந்து வேறு.

பலகையைப் பார்த்து எழுதாத குழந்தைக்குச் சில நேரம் கண்ணாடிதான் தேவை. பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து மட்டும் சரியாக எழுதுகிறதா என்று கவனித்தாலே ஐயம் வந்துவிடும். ஒன்பது மணிக்குச் சோர்ந்து கிடந்த குழந்தைக்குச் சோறுதான் தேவையாக இருந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அந்த ஒரு காரணத்தைப் பல பள்ளிகளில் அகற்றியிருக்கிறது. நன்றாகப் பேசி, நன்றாக யோசித்து, எழுத்தில் மட்டும் திரும்பத் திரும்பக் குழம்பும் குழந்தைக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில் அதுவும் ஒன்று. அத்தகைய மாணவருக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் உண்டு. பத்தாம் வகுப்பில் அந்தச் சலுகை கிடைக்க வேண்டுமானால் மூன்றாம் வகுப்பில் யாராவது ஒருவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இந்த நகரியத்திலேயே இயங்கும் சிநேகா சிறப்புப் பள்ளியின் ஆசிரியர்களிடம் ஒரு குழந்தையை எப்படிக் கவனிப்பது என்று மற்றப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

இதையெல்லாம் ஒரே ஆசிரியர் நாற்பது பேருக்கும் தினந்தோறும் செய்ய முடியுமா? முடியாது. யாரும் அதைக் கேட்கவும் கூடாது. எமிஸ் இணையதளப் பதிவும், செயலி மதிப்பீடும், விலையில்லாப் பொருள் வழங்கலும் போக மிஞ்சும் நேரம் எவ்வளவு என்பது இந்த அவைக்குத் தெரியும். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு குழந்தைகளை மட்டும் உற்றுப் பார்ப்பது நடக்கும். காலையிலேயே இன்று யார் அந்த இருவர் என்று முடிவு செய்துகொண்டு, பாடம் வழக்கம்போல் நடக்கும்போது அவர்கள் எதை எடுக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், யாரிடம் கேட்கிறார்கள் என்று மாலையில் நான்கு வரி எழுதுவது. நாற்பது பேர் வகுப்பில் வாரத்துக்குப் பத்துப் பேர், மாதத்துக்குள் எல்லோரும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள். வகுப்பில் சத்தமே போடாத, தொல்லையும் தராத, முதல் மதிப்பெண்ணும் வாங்காத நடுவரிசைக் குழந்தைகள் ஆண்டு முழுவதும் யார் கண்ணிலும் படாமல் போவது இந்தச் சுற்றில் நின்றுவிடும்.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் 1965இல் தொடங்கிய பிராஸ்பெக்ட் பள்ளியில் பட்ரீசியா கரினி இதற்கு ஒரு கூட்டுமுறை வகுத்தார். ஆசிரியர்கள் வட்டமாக அமர்ந்து ஒரே ஒரு குழந்தையைப் பற்றிப் பேசுவார்கள். கண்டதை மட்டும் சொல்வார்கள். தீர்ப்புச் சொற்களுக்கு இடமில்லை. சோம்பேறி, மந்தம், புத்திசாலி என்ற எதுவும் வரக்கூடாது. ‘கணக்கு நோட்டில் முதல் மூன்று கணக்கு சரி, நான்காவதில் கடன் வாங்க வேண்டியிருந்தது, அங்கே அழித்து அழித்துக் காகிதம் கிழிந்திருக்கிறது’ என்று சொல்லலாம். அப்படிச் சொல்லப் பழகுவது முதலில் கடினம். வாய் தீர்ப்புக்கே ஓடும்.

இப்படிக் கூடிப் பேச, அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் சந்திக்கும் குறுவள மையக் கூட்டங்கள் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. கடலூர் மாவட்டத்துக்கான ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் வடலூரில், இங்கிருந்து சிறு பயணத்தில், இருக்கிறது. நிலக்கரி நிறுவனத்தின் பள்ளிகள், அரசுப் பள்ளிகள், உதவிபெறும் பள்ளிகள், சிறப்புப் பள்ளி ஆகியவற்றின் ஆசிரியர்கள் இந்த நகரியத்தில் ஒரே சந்தையில் காய் வாங்குகிறார்கள். ஒரே அறையில் உட்கார்ந்து ஒரு குழந்தையின் நோட்டை வாசித்ததில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை முற்பகல் அதற்கு ஒதுக்கலாம். ஒரு ஆசிரியர், ஒரு குழந்தை, பெயர் மறைத்த மூன்று நோட்டுகள், ஒரு மணி நேரம். இரண்டாவது மணியில் அந்தக் குழந்தைக்கு வரும் திங்கட்கிழமை கேட்க வேண்டிய கேள்வி எது, கொடுக்க வேண்டிய பொருள் எது, யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யலாம். அடுத்த மாதக் கூட்டம் அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்ற செய்தியோடு தொடங்கும். இதற்குத் தனி நிதி தேவையில்லை. தேவைப்படுவது ஓர் அறை, வருபவர்களுக்குப் பணிநாளாகக் கணக்கு, அந்த இரண்டு மணி நேரத்தில் எந்தப் புள்ளிவிவரமும் கேட்கப்படாது என்று கல்வி அலுவலர்களும் பள்ளி நிர்வாகங்களும் தரும் எழுத்து உறுதி. இந்தக் கல்வியாண்டின் மிச்சத்திலேயே முதல் கூட்டத்தை வைத்துவிடலாம். அதற்கு ஒரு நோட்டைக் கொண்டுவர முன்வருபவர்கள் இன்று இந்த அரங்கைவிட்டுப் போவதற்குள் அமைப்பாளர்களிடம் பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.